‘அதி கனமழை’ என்றால் எவ்வளவு?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது இலக்கியப் பொழிவு. ஆண்டுதோறும் நான் பேசி வருவதும் அதுவே. இம்முறை வேறொன்றைப் பேச இசைவு கேட்டேன், பெருந்தன்மையோடு தந்தார்கள். பருவநிலை மாற்றத்தால் வரும் இடர்களைப் பொதுமக்களுக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வது என்பதே என் பொருள். “தமிழாசிரியருக்கு வானிலையில் என்ன வேலை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வானிலையில் எனக்கு வேலை இல்லைதான். ஆனால் வானிலை அறிஞர் கண்டறிந்ததை நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது சொல். அந்தச் சொல்லைக் கையாள்வதே முப்பத்துநான்கு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அதில் நான் தவறிய ஒரு நாளைப் பற்றித்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று பிற்பகல் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் தென்பெண்ணையாற்றின் கரையை ஒட்டியது. “அண்ணா, டிவியில அதி கனமழைன்னு சொல்றாங்களே, அதுன்னா எவ்வளவு?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதி என்பது வடமொழி முன்னொட்டு அம்மா, மிகுதிப் பொருளைத் தரும். கன மழையைவிட மிக கன மழை பெரிது, அதைவிட அதி கன மழை பெரிது” என்றேன். இலக்கணம் பிழையில்லை. அவள் “சரிங்கண்ணா” என்று வைத்துவிட்டாள்.

புயல் கரையைக் கடந்த பின் நகராமல் புதுச்சேரிப் பகுதியிலேயே பல மணி நேரம் நின்றது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை மேற்கே நகர்ந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் பெய்தது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் வெளியேறிய நீர் விநாடிக்கு 1,68,000 கன அடியை எட்டியது. முந்திய இரவு முழுவதும், ஏறிக்கொண்டே போன அந்த எண்ணைத் தாங்கி வந்த செய்திகளை நானும் என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அவளும் படித்தாள். மைத்துனரிடம் காட்டினாள். அவர், “நாப்பது வருஷமா பாக்கறேன், தண்ணி அந்தப் புளியமரத்தத் தாண்டினதில்ல” என்றார். விடிவதற்கு முன் நீர் புளியமரத்தைத் தாண்டி வீட்டிற்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடியில் ஏறி மனிதர்கள் பிழைத்தார்கள். தொழுவத்தில் இருந்த பசு முளையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறியது. கன்றுகள் இரண்டும் கட்டிய கயிற்றோடு போயின.

நான் போய்ப் பார்த்தபோது தங்கை அழவில்லை. “கயித்த அவுத்து விடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே அண்ணா” என்றாள். அவ்வளவுதான். ஓரறிவுயிரையும் எண்ணி நடக்கப் பழகிய குடும்பத்தில் இரண்டு கன்றுகளின் சாவு எத்தகையது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து இந்த எச்சரிக்கை மொழியைத்தான் நான் படித்து வருகிறேன். படித்தவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘அதி கனமழை’. வானிலைத் துறையின் கணக்கில், ஒரு நாளில் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டரிலிருந்து 11.5 வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20 வரை மிக கனமழை. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. இதற்கு மேல் சொல் இல்லை. 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். ஒன்று தெருவில் முழங்காலளவு நீர். மற்றொன்று ஊரே மூழ்கும் நீர். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் கேட்பவர் தமக்குத் தெரிந்த சிறிய மழையைத்தான் நினைப்பார். மனித மனம் அப்படிப்பட்டது.

சென்டிமீட்டர் என்னும் அளவும் அவ்வாறே. ஐம்பது சென்டிமீட்டர் என்றால் என் மாணவர்கள் அடிக்கோலை நினைப்பார்கள். ஒன்றரை அடிக்கோல் நீளம். பயப்பட அதில் என்ன இருக்கிறது? ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது இருபது லட்சம் லிட்டர் நீர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருநூற்றைக் கொண்டுவந்து அந்த ஓர் ஏக்கரில் கவிழ்ப்பதற்குச் சமம். கன அடியும் இப்படித்தான். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். 1,68,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் நானூற்றெழுபதுக்கு மேற்பட்ட லாரிகளின் நீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டது என்று படித்தோமே, அது நொடிக்கு எண்பது லாரி. அடையாற்றின் கரையில் குடியிருந்த பொறியாளருக்கும் கணக்காளருக்குங்கூட அந்த எண்ணைப் பார்த்து, தம் வீட்டுப் படியில் எத்தனையாவது படி நனையும் என்று கணிக்க முடிந்திருக்காது.

இந்த லாரிக் கணக்கை நான் என் தங்கையிடம் சொன்னேன். நன்றாகக் கேட்டுவிட்டு, “லாரி எத்தனன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? புளியமரம் வரைக்குமா, வீடு வரைக்குமா, அதச் சொல்லுங்க” என்றாள். நான் மறுபடியும் தோற்றேன். உவமை கிடைத்துவிட்டால் புரியவைத்துவிட்டதாக மகிழ்வது எங்கள் ஆசிரியர் குலத்தின் பழைய நோய். அவள் கேட்டது அளவை அன்று, எல்லையை. நீர் எங்கே வரும், எப்போது வரும், அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுதான் கரையில் இருப்பவருக்கு வேண்டியவை. அணையின் கணக்கு அணையைக் காப்பவருக்கு வேண்டியது.

இனி ‘வாய்ப்பு’ என்னும் சொல்லுக்கு வருகிறேன். “கனமழை பெய்ய வாய்ப்பு” என்று நாள்தோறும் கேட்கிறோம். வேலைக்கு வாய்ப்பு, மேடையில் பேச வாய்ப்பு, நல்வாய்ப்பு என்றெல்லாம் நன்மையின் வாசலாக நாம் பழகிய சொல் அது. கேட்டிற்கு அதை வழங்கும்போது கேட்டின் கூர் மழுங்கிவிடுகிறது. மேலும், எவ்வளவு உறுதியான வாய்ப்பு என்பதும் அதில் தெரிவதில்லை. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டுக் குழுவின் அறிக்கைகளில் இத்தகைய சொற்களுக்கு வரையறை உண்டு. ‘நிகழக்கூடும்’ என்றால் நூற்றுக்கு 66க்கு மேல். ‘பெரிதும் நிகழக்கூடும்’ என்றால் 90க்கு மேல். டேவிட் புடெஸ்கு என்னும் உளவியல் அறிஞரும் அவருடன் ஆய்ந்தவர்களும் அந்த வாக்கியங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். தொண்ணூறுக்கு மேல் என்று அறிஞர் எழுதியதை மக்கள் அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் அலறியிருக்கிறார், படித்தவர் காதில் முனகலாக விழுந்திருக்கிறது. சொல்லோடு எண்ணையும் சேர்த்து எழுதியபோது இந்த இடைவெளி குறைந்தது என்பதும் அவர்கள் கண்டது.

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழில் பயனிலை இறுதியில் வரும். “தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேற்கு வடமேற்குத் திசையில் நகர்ந்து” என்று தொடங்கும் வாக்கியம், “எதிர்பார்க்கப்படுகிறது” என்று முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். வழக்கமான வரிசையை மாற்றத் தமிழ் இடந்தராமல் இல்லை. இலங்கையிலிருந்து மீண்ட அனுமன், கேட்பவன் நெஞ்சு அரைக்கணமும் துடிக்கக்கூடாதென்று, பார்த்துவிட்டேன் என்னும் வினையை முதலில் வைத்துப் பேசினான் என்று கம்பர் காட்டுவதை எத்தனையோ மேடைகளில் நான் வியந்து பேசியிருக்கிறேன். நவம்பர் 30 அன்று அந்த வியப்பு எனக்கு உதவவில்லை. “அவிழ்த்து விடு மாட்டை, போ மாடிக்கு, இன்றிரவே” என்று வினையை முன்னிறுத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

‘வெப்பமயமாதல்’ என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பாருங்கள். ஆதல் தன்வினை; ஆக்கல் பிறவினை. வெப்பமயமாதல் என்று சொல்லும்போது, தயிர் புளிப்பதுபோலத் தானே நிகழும் ஒன்றாக அது ஒலிக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து ஆக்கியவர்கள் அச்சொல்லில் இல்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இது ஆதல் அன்று. இலக்கண வகுப்பை இதற்கு மேல் நீட்டவில்லை. அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் மைத்துனரின் புளியமரத்திற்குத் திரும்புகிறேன். அவரை யாரும் அறியாமை மிக்கவர் என்று சொல்லிவிட வேண்டா. நாற்பதாண்டு பார்த்தவர் சொல்லை நம்புவதே ஊர் மரபு. அந்த மரபு பல தலைமுறைகளைக் காத்திருக்கிறது. எறும்பு மேடேறுவதையும் ஈசல் பறப்பதையும் கண்டு மழை சொன்னவர்கள் நம் பாட்டன்மார். இன்று அந்த நினைவு பொய்யாகத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் பருவநிலை மாற்றத்தின் உண்மையான பொருள் என நான் கருதுகிறேன். பூமியின் சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் காட்டிலும் 2011 முதல் 2020 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. “ஒரு டிகிரிக்கா இத்தனை ஆரவாரம்?” என்று கேட்பார்கள். ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். நூறு குடம் சுமந்த மேகம் நூற்றேழு குடம் சுமக்கும். அந்த ஏழு குடமும் மாதம் முழுவதும் பரவலாக விழுந்தால் பயிருக்கு நல்லது, ஒரே இரவில் விழுந்தால் கரை தாங்காது. ஒரு தனிப் புயலைக் காட்டி இது முழுவதும் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நாற்பதாண்டு நினைவு அளந்த எல்லைக்கோடு இனிப் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுவும், சொன்னவரை அவமதிக்காமல் சொல்லியாக வேண்டும்.

‘நூறாண்டில் இல்லாத வெள்ளம்’ என்னும் தொடர் இங்கே பெருந்தீங்கு செய்கிறது. 2015க்குப் பின் சென்னையில் பலர், இனி நம் வாழ்நாளில் வராது என்று ஆறுதல் கொண்டார்கள். எட்டே ஆண்டுகளில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் மீண்டும் வெள்ளம் வந்தது. நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர் சொல்வதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு இடம் உண்டு என்பதே. முப்பதாண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையேனும் அது வருவதற்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலான இடம் இருக்கிறது. வானம் பழைய வானமாகவே இருந்தால்தான் இந்தக் கணக்கும்.

கடலோரத்தார் கேட்டுப் பழகிய எச்சரிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். “ஒன்பதாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று செய்தி வரும். எட்டைவிட ஒன்பது பெரிது என்று நாமாகவே எண்ணிக் கொள்வோம். உண்மையில் எட்டும் ஒன்பதும் வலிமையில் வேறுபட்டவை அல்ல. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபடுகின்றன. கல்கத்தாத் துறைமுகத்தில் 1865இல் தொடங்கிய இந்த ஏற்பாடு கப்பல்களுக்காக ஏற்பட்டது. மாலுமிக்கு அது தெளிவான மொழி. அதை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குப் படித்துக் காட்டி ஒரு நூற்றாண்டைக் கழித்துவிட்டோம். அந்த வரிசையில் கடைசி எண் பதினொன்று. அது எதைக் குறிக்கிறது என்று நான் கேட்டுப் பார்த்த எவருக்கும் தெரியவில்லை. பத்தைவிடக் கொடிய புயல் என்றார்கள். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோயிற்று என்பதே பதினோராம் எண் கூண்டின் பொருள். இதை அறிந்த நாளில் நான் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் இருக்கும்போதே, அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலேயே அந்தக் கூண்டு ஏறிவிடுகிறது.

நன்றாகச் சொல்லிக் காத்தவர்களும் இருக்கிறார்கள். ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதே மாநிலத்தை 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் தாக்கியபோது, முன்கூட்டியே ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறந்தோர் சில பத்துகளுக்குள் அடங்கினர். புயலை முன்னறியும் கருவிகள் இடையில் மேம்பட்டது உண்மை. அதனால் மட்டும் பத்து லட்சம் பேர் வீட்டைவிட்டு நகர்ந்துவிடுவார்களா? ஊர்தோறும் புயல் காப்பிடங்கள் கட்டினார்கள். முகமறிந்த உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கினார்கள். ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்’ என்று வானொலி சொல்வது வேறு. அடுத்த தெருப் பிள்ளை கதவைத் தட்டி, “பாட்டி, பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போகலாம், கையைப் பிடியுங்கள்” என்பது வேறு.

நம் உறவினரும் வணிக நண்பர்களும் பலர் வாழும் அகமதாபாத்தில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்ந்து கண்டார்கள். வெள்ளத்தைப்போல வெப்பம் ஊரைக் கூட்டி வருவதில்லை; முதியவர் ஒருவர் கட்டிலில், தொழிலாளி ஒருவர் சாலையோரத்தில் என்று தனித்தனியே கொண்டுபோகிறது. 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது; இத்தகையது தெற்காசியாவில் அதுவே முதலாவது. நிறங்களால் எச்சரிக்கை, கைப்பேசிக் குறுஞ்செய்தி, மருத்துவப் பணியாளர்க்குப் பயிற்சி, குடிநீர் வைக்கும் இடங்கள் என்று சொல்லும் செயலும் ஒன்றாகவே போயின. தண்ணீர் குடியுங்கள் என்று பலகையில் எழுதியதோடு நில்லாமல் அப்பலகைக்கு அருகே தண்ணீரும் வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அத்திட்டத்தால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பியிருக்கலாம் என்பது 2018இல் வெளிவந்த மதிப்பீடு.

எச்சரிக்கை பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2018 அக்டோபரில் தமிழகத்திற்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்துப் பின்னர் விலக்கிக்கொண்டார்கள். எத்தனை கேலி, எத்தனை நையாண்டிப் படங்கள்! நானும் சிலவற்றைப் பரப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிவப்பு என்றால் செயலில் இறங்கு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு என்பது அந்நிறங்களின் பொருள். கேலி செய்த நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஒருமுறை மாட்டை வீணாக அவிழ்த்துவிட்டால், மறுநாள் தேடிப் பிடித்துவரும் வேலைதான் மிச்சம். அவிழ்க்காமல் விட்டதன் விலை வேறு. அதே நேரத்தில், மக்களை அசைப்பதற்காக இல்லாததைக் கூட்டிச் சொல்வதும் ஆகாது. உலகம் அழியப் போகிறது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி மிரட்டும் சிலரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒன்று தூக்கமிழக்கிறார்கள், அல்லது சிரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாலும் ஒரு கன்றும் பிழைக்காது.

நம் அளவில் செய்யத்தக்கவை சிலவற்றை அறக்கட்டளையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பருவமழைக்கு முன்பு, புரட்டாசியில், ஆற்றையும் ஏரியையும் ஒட்டிய நம் ஊர்களில் வீடு வீடாகச் சென்று, தனியே வாழும் முதியோர் யார், மாடி உள்ள வீடு எது, கால்நடைகளை ஓட்டிச் செல்ல மேட்டு நிலம் எது என்று ஒரே தாளில் குறித்துக்கொள்வது. எச்சரிக்கை வந்ததும் அந்தத் தாளைப் பார்த்து அழைப்பதற்கு ஊருக்கு இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்குவது. அனுப்பும் செய்தியில் எண்ணுக்கு முன்பு வினை இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. முன்வரிசை மாணவர்கள் மூவர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். இலக்கணத்தில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்லமாட்டேன்.

தங்கையின் ஊரில் இன்னொன்றும் செய்யப் போகிறோம். 2024இல் நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதற்குப் பள்ளிச் சுவரிலும், கோயில் மதிலிலும், தெருமுனை மின்கம்பத்திலும் நீலக் கோடிட்டு, ஆண்டையும் எழுதி வைக்க ஊராட்சியில் இசைவு பெற்றிருக்கிறேன். இனி அணையின் நீர்வரத்து அறிவிக்கப்படும்போது, அந்தக் கோட்டிற்கு மேலா கீழா என்று பொறுப்பானவர்களைக் கேட்டுச் சொல்வதற்கு ஓர் அளவுகோல் இருக்கும். வண்ணம் வாங்கியாகிவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறோம். உடன்வர விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். புளியமரத்திலிருந்துதான் தொடங்குகிறோம். அந்த மரத்தில் கோட்டை எங்கே போட வேண்டும் என்று காட்டுவதற்கு மைத்துனர் தாமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.